இருபத்துமூன்றாவது ஆள்

பிற்பகல் இரண்டு பத்துக்கு, இருபத்துமூன்று பேரும் ஏறியாயிற்று என்ற கணக்கோடு சுற்றுலா பஸ் குஷாரோ ஏரிக்கரையை விட்டுக் கிளம்பியபோது, இருபத்துமூன்றாவது ஆளான செண்பகவடிவு கரையோரக் கழிவறையில் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஹொக்கைடோ குளிருக்குச் சேலைதான் கட்டுவேன் என்றால் உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று டூர் மேனேஜர் முருகதாஸ் மதுரையிலேயே சொல்லியிருந்தார். அதைக் கழற்றி மாட்ட ஆகும் நேரத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. உட்காரும் இடத்தைக்கூடச் சூடாக்கி வைத்திருக்கும் தேசம் இது. எழுந்திருக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. சுவருக்கு அப்பால் இன்ஜின் உறுமியது. எண்ணுகிற சத்தம் கேட்டது. பதினெட்டு, பத்தொன்பது, நடுவில் யாரோ சிரித்தார்கள், பிறகு அன்னபாக்கியத்தின் கீச்சுக் குரலில் இருபத்திரண்டு, அதன் பிறகு பஸ் முழுக்கச் சேர்ந்து கத்திய இருபத்துமூணு, கைதட்டல். பழக்கத்தில் செண்பகவடிவின் உதடும் அசைந்தது. அசைந்த பிறகுதான், பஸ்ஸுக்குள் இருந்து சொல்ல வேண்டியதைக் கழிவறைக்குள் இருந்து சொல்கிறோம் என்று உறைத்தது. ஓடவும் முடியாது. வாசலில் பனி மிதிபட்டுக் கண்ணாடியாகக் கிடந்தது, வயது அறுபத்துநாலு, போன ஐப்பசியில் ஒரு தடவை விழுந்து எழுந்தாயிற்று. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தபோது பஸ் நின்ற இடத்தில் டயர்த் தடமும் அதன்மேல் கொஞ்சம் புகையும் இருந்தன. வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்களாக இருக்கும் என்று நின்றாள். சாலை வளைவில் மரங்களுக்கிடையே வெள்ளைப் பஸ் ஒரு முறை தெரிந்து மறைந்தது. கோட்டுப் பையில் போன் இருந்தது. முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. முருகதாஸின் எண் முதலிலேயே இருந்தது, அவரேதான் பதிந்து கொடுத்தார். கட்டைவிரல் அந்தப் பெயரின் மேல் வந்து நின்றது. அழுத்தவில்லை. இரு பார்ப்போம் என்று தோன்றியது. எதைப் பார்க்க என்று அப்போது அவளுக்கே தெரியாது.

எண்களைக் கொடுத்தவரும் முருகதாஸ்தான். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். ஏறி உட்கார்ந்ததும் அவங்கவங்க நம்பரை அவங்கவங்க சொல்லணும். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது. ஜப்பான்காரன் ஒரு நிமிஷம் நிக்க மாட்டான், நான் கண்ணீர் விட்டு அழுதாலும் நிக்க மாட்டான்." முதல் நாள் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாம் நாள் சிவகாசிக்காரர் பொன்ராஜ், ஏசு காலண்டர் முதல் எட்டுமுழ வேட்டி விளம்பரம் வரை அச்சடிக்கிறவர், "அஞ்சுல இருந்து பதினஞ்சு வரைக்கும் நம்ம குடும்பம், எல்லாம் இருக்கு, மேல போங்க" என்றார். அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு டிக்கெட் எடுத்தவரிடம் முருகதாஸ் என்ன சொல்வார். பொன்ராஜின் அம்மா அன்னபாக்கியம் மட்டும் தனியாக இருபத்திரண்டு, ஏனென்றால் அவர்தான் செண்பகவடிவுக்கு அறைத்தோழி. கடைசி எண் செண்பகவடிவுடையது. அவள் அதைச் சொன்னதும் எண்ணிக்கை முடிகிறது, பஸ் கிளம்புகிறது. பின்சீட்டில் யாரோ விசில் அடித்தார்கள். அடுத்த தடவை பிள்ளைகள் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்றாம் நாள் சப்போரோவில் பனிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு ஏறியபோது பஸ்ஸே கத்தியது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏதோ தன் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிற மாதிரி நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. தொண்டையைத் திறப்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள், உதட்டை மட்டும் அசைத்தாள். முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சுத் துணிகளை இரண்டு பேர் எண்ண வேண்டும், ஒவ்வொன்றையும் விரித்து, கண்ணால் பார்த்து, வாய்விட்டு. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி வாங்கிச் சொல்லக் கூடாது. செல்வின் டாக்டர் ஊசியைப் பிடித்தபடியே நிற்பார். "வடிவு சொல்லட்டும்" என்பார். எண்ணிக்கை சரி டாக்டர் என்று அவள் சொன்ன பிறகுதான் தையல். அந்த அறையில் யாரும் கை தட்டியதில்லை. தட்டியிருந்தால் ஒன்று உள்ளே தங்கியிருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்குக்கு முன்னால் சிரிப்பு புகையாகத் தெரிந்தது.

ஏரி முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடக்க, கரையோரம் மட்டும் ஒரு கீற்றுத் தண்ணீர் கருப்பாக, ஆவி பறக்க அசைந்துகொண்டிருந்தது. அடியில் வெந்நீர் ஊற்று. அந்தக் கீற்றில்தான் அன்னங்கள். கொஞ்ச நேரம் முன்னால் இங்கே ஒரே கூச்சல். "இதுதான் அன்னமாம்மா?" "ஆமாங்கேன். பாலையும் தண்ணியையும் பிரிச்சிருமாம்." "அப்ப நம்ம பால்காரர்ட்ட ஒண்ணைக் கூட்டிட்டுப் போவோம்." "அடுத்து கொக்கு பாக்கணுமாம்ல. ஏன் முருகதாஸு, கொக்கு பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க கம்மாயில நிக்காத கொக்கா?" "அண்ணாச்சி, அது தலையில செவப்பா இருக்கும். ஆளு உசரம்." "செவப்பு மை நம்ம பிரஸ்ல நிறைய கெடக்கு." எல்லோரும் சிரித்தார்கள். மணலைத் தோண்டினால் வெந்நீர் வரும் என்று முருகதாஸ் சொல்ல, ஆளாளுக்குக் கிளவுஸைக் கழற்றிவிட்டுத் தோண்டினார்கள். செண்பகவடிவும் தோண்டினாள். சுற்றிலும் முழங்கால் அளவு பனி, உள்ளங்கைக்குக் கீழே காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி மணல். படம் எடுத்துக்கொள்ளச் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்தாள், அவரவர் அவரவர் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன, சிலதில் தண்ணீர் ஊறியிருந்தது. கரைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்னங்கள் கழுத்தை முதுகுக்குள் செருகிக்கொண்டு தூங்கின. ஒன்று தூங்காமல் மிதந்தது. அது தூங்காததை மற்றவை கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பறவையிடம் போய் இதையெல்லாம் தேடுவானேன் என்று தன்னையே கடிந்துகொண்டாள். போன ஐப்பசியில் பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையில் விழுந்தபோதும் இப்படித்தான், வாளி, குழாய், சோப்புப் பெட்டி, எல்லாவற்றோடும் பேசத் தொடங்கியிருந்தாள். காலையில் விழுந்தவள். இடுப்பு அசையவில்லை. சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு டிவியில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது, கைதட்டல்கூடத் தெளிவாகக் கேட்டது. வெளிச்சம் போய், இருட்டி, மறுபடி வெளிச்சம் வந்தது. கேட்டில் தொங்கும் பையில் நேற்றைய பால் பாக்கெட் அப்படியே இருப்பதைப் பால்காரம்மா பார்த்ததனால்தான் ஆள் வந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அண்ணன் மகன் நெல்லையப்பன் கோயம்புத்தூரிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, வீட்டைப் பூட்டிட்டு வந்துருங்க. எங்க வீட்டுப் பக்கத்துலயே பெரியவங்களுக்கான குடியிருப்பு இருக்கு. தினமும் காலைல ஏழு மணிக்கு ஒவ்வொரு கதவா தட்டி, பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. குரல் கொடுத்தாப் போதும்." "நான் என்ன பாளையங்கோட்டை ஜெயில்லயா இருக்கேன், ஆஜர் சொல்றதுக்கு?" "ஜெயில்ல விழுந்தாக்கூட உடனே தெரியும் அத்தை. உங்க வீட்டுல தெரியலையே." "தெரியாமப் போகலடே. பால்காரம்மா பாத்தால்ல. ஒரு மனுஷியக் காணலன்னா யாருக்காவது தெரியத்தான் செய்யும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதான்." அவன் கெட்டிக்காரன், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவன். ஜப்பான் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று அவள்தான் தவணை வாங்கினாள். வந்து ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இப்போது இந்தப் பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எதைப் பார்க்க என்று தெரியாமல் போனைப் பைக்குள் போட்டாளே, இதைப் பார்க்கத்தான். சூரியன் எதிர்க்கரை மலைக்கு மேல் இரண்டு கை உயரத்தில் நின்றது. அது மலையில் இறங்குவதற்குள் அவர்களாக நினைத்துப் பார்த்து, ஐயோ ரூம்காரம்மாவைக் காணோமே என்று திரும்பி வந்தால், பாளையங்கோட்டை வீடு. தானாகக் கூப்பிட வேண்டி வந்தால், கோயம்புத்தூர். பந்தயம் கட்டியதும் மனம் லேசானது. உடனே கனத்தது. ரூம்காரம்மா. அன்னபாக்கியம் அப்படித்தான் கூப்பிடுவார். "ஏ ரூம்காரம்மா, வெந்நிக் குழாய் எந்தப் பக்கம் திருகணும்?" பெயர் கேட்டார், முதல் நாள் கேட்டார். செண்பகவடிவு என்றதும், "அம்மாடி, அம்புட்டு நீளமா" என்றார்.

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். ஓய்வுக்கூடத்தில் கடை வைத்திருக்கும் பெண், ஐம்பது வயது இருக்கும், கவசம் போல ஏப்ரன் கட்டியவள், செருப்போடு பனியில் இறங்கி வந்து ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் புரியவில்லை, கேள்வி புரிந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினாள், சாலையைக் காட்டினாள், காதில் போன் வைப்பது போலக் காட்டினாள். முகம் நிஜமாகவே கலங்கியிருந்தது. "கம்மிங், கம்மிங்," என்றாள் செண்பகவடிவு, நர்ஸ் சிரிப்போடு. நோயாளியின் வீட்டாரிடம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு, ஓய்வு பெற்றும் தேயவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள் அந்தப் பெண். உள்ளே போனால் பஸ் வரும்போது தெரியாது என்று செண்பகவடிவு கையை ஆட்டினாள். அப்படித்தானா, அல்லது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால்தான் பந்தயம் நியாயமானது என்பதா. அந்தப் பெண் உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு பொம்மைகளை அடுக்கினாள், மறுபடி வந்து பார்த்தாள். அசஹிகாவா மிருகக்காட்சிசாலையில் பெங்குவின்களை நடக்கவிட்டார்கள் முந்தாநாள். பனியில் சிவப்புக் கோடு போட்டு ஜனங்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் அவை கல்யாண வீட்டுப் பெரியவர்கள் போலத் தள்ளாடி வந்தன. கூட்டம் போன பிறகு ஒன்று மட்டும் பின்தங்கி, தரையில் எதையோ குனிந்து பார்த்தபடி நின்றுவிட்டது. பின்னால் வந்த காப்பாளன் தள்ளவில்லை, விரட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நின்றான். அது பார்த்து முடிக்கும் வரை நின்றான். அதைத்தான் அவள் வீடியோ எடுத்திருக்க வேண்டும். எடுத்தது கூட்டமாகப் போன முன்வரிசையை. எல்லோரும் எடுத்ததை.

கோட்டுப் பை அதிர்ந்தது. வந்துவிட்டது என்று பதறி எடுத்தாள், விரல் விறைத்து, இரண்டு முறை நழுவியது. அழைப்பு இல்லை. 'ஜில்லுன்னு ஜப்பான்' என்ற வாட்ஸப் குழு. பஸ்ஸில் சூடு பரவி, கிளவுஸ் கழன்று, படம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அன்னங்கள். அன்னங்களுக்கு முன்னால் பொன்ராஜ். பொன்ராஜின் மருமகள். ஆவிக்கு நடுவே எல்லோரும், ஒரு ஓரத்தில் அரக்குச் சேலை முந்தானையும் கோட்டுக் கையும். அது அவளுடைய கை. மேலே உடம்பு இல்லை. படம் எடுத்தவன் அங்கே வெட்டியிருந்தான். ஒரு வீடியோ வந்தது: ஓடும் பஸ்ஸுக்குள், பாட்டுக்கு ஆடுகிறார்கள், கேமரா சீட் சீட்டாகப் போகிறது. முன்னால் முருகதாஸ், ஜன்னலோரம் அன்னபாக்கியம், பக்கத்துச் சீட்டில் அவளுடைய நீலத் துணிப்பை உட்கார்ந்திருக்கிறது. பை மேல் கேமரா ஒரு கணம் நின்றது போல் இருந்தது. நகர்ந்துவிட்டது. அவள் வீடியோவை மறுபடி ஓட்டினாள். நின்றதா, பஸ் குலுங்கியதா. மூன்றாம் முறையும் தெரியவில்லை. கீழே எல்லோரும் கட்டைவிரலும் பூவும் போட்டிருந்தார்கள். அவளும் ஒரு கட்டைவிரலைப் போட்டாள். போட்ட பிறகு திடுக்கிட்டாள். தான் இல்லாத பஸ்ஸுக்குத் தானே சூப்பர் என்று சொல்லியிருக்கிறோம். அழிக்கத் தெரியும், அழிக்கவில்லை. இதைப் பார்த்தாவது ஒருவருக்கு, அட, இந்தம்மா எங்கே உட்கார்ந்து அனுப்புது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றாதா. டிக் நீலமானது. எல்லோரும் பார்த்தாயிற்று என்று அர்த்தம். நேற்று கப்பலில் இருந்து பார்த்த பனிப்பாளங்கள் நினைவுக்கு வந்தன, கடல் முழுக்க, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, முனகிக்கொண்டு. பக்கத்தில் இருப்பதாலேயே ஒட்டியிருப்பதாகத் தெரியும். கப்பல் நடுவில் நுழைந்ததும் ஒவ்வொன்றும் தனியாக விலகியது, ஒன்றுக்கும் இன்னொன்றைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை. சூரியன் ஒரு கை உயரத்துக்கு வந்திருந்தது. கால் பெருவிரல் மரத்தது. மரத்தால் தேய்க்கக் கூடாது, மெல்லச் சூடாக்க வேண்டும். மணலில் காலை ஊன்றலாம் என்று குனிந்தபோது, பெஞ்சுக்கு அடியில் அது நின்றது.

அன்னபாக்கியத்தின் பிளாஸ்க். எவர்சில்வர், கழுத்தில் மஞ்சள் கயிறு, மூடியில் 'பொ' என்று ஆணியால் பொறித்தது. சுக்குத் தண்ணீர். தினம் காலையில் டூர் சமையல்காரரை எழுப்பி, நின்று போடவைத்து வாங்குவது. ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். செண்பகவடிவு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இது இங்கே இருக்கக் கூடாது. இது இங்கே இருந்தால், பஸ் திரும்பி வந்தால், எதற்கு வந்தது என்று எப்படித் தெரியும். பனிக்குள் புதைத்துவிடலாமா. சீ. ஏரியில் எறிந்தால் அன்னம் அலறும். மூடியைத் திருகினாள், ஒரு மூடி ஊற்றிக் குடித்தாள். சுக்கு தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சுக்குதான் காரணம். பை அதிர்ந்தது. பொன்ராஜ் எழுதியிருந்தார்: 'அம்மா பிளாஸ்க் யாராவது எடுத்தீங்களா.' இல்லை. இல்லை அண்ணாச்சி. இங்கே இல்லை. சீட்டுக்கு அடியில் பார்த்தாச்சு, இல்லை. வரிசையாக வந்தன, ஒவ்வொருவரும் சொன்னார்கள், ஒவ்வொருவராக, அவரவர் வாயால். இதைவிட ஒழுங்கான எண்ணிக்கையை அவள் தியேட்டரில்கூடப் பார்த்ததில்லை. பதில் சொல்லாதவள் ஒருத்தி என்பது அந்த வரிசையில் ஒரு ஓட்டையாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 'அம்மா அழுவுறாங்க. அய்யா இருக்கும்போது வாங்குனது.' 'ஏரிகிட்ட பெஞ்சுல வச்சதா சொல்றாங்க.' பிறகு முருகதாஸ்: 'வண்டியைத் திருப்புறோம். கொக்குக்கு நேரம் இருக்கு. யாரும் டென்ஷன் ஆகாதீங்க.' கைகூப்பல்கள், பூக்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எழுந்து கழிவறைக்குள் போய் நின்றுகொள்ளலாம். பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு. எடுத்துக்கொண்டு, கை தட்டிவிட்டு, இன்னொரு தடவை போவார்களா என்று பார்க்கலாம். போவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் போகவில்லை. தெரிந்ததை எதற்கு இரண்டாம் தடவை கிழித்துப் பார்ப்பது. பிளாஸ்க் மடியில் கனத்தது, உள்ளே இன்னும் சூடு. பிள்ளை பெறாத மடி என்று ஒரு காலத்தில் யாரோ சொன்னது ஏன் இப்போது வருகிறது. வரட்டும், போகட்டும். வளைவில் வெள்ளைப் பஸ் தெரிந்தது. சூரியன் இன்னும் மலையைத் தொடவில்லை. கடைக்காரப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, தப்பித்தோம் என்பது போலத் தலையைத் தாழ்த்தினாள். பஸ் வந்து நின்று, கதவு முழுக்கத் திறப்பதற்குள் முருகதாஸ் குதித்தார், வழுக்கினார், சமாளித்தார்.

"அட! அதுக்குள்ள நீங்க இறங்கி எடுத்துட்டீங்களாம்மா? பின் கதவால இறங்கினீங்களா? இந்த வயசுல என்ன வேகம்! ஏறுங்க ஏறுங்க, கொக்கு தூங்கப் போயிரும்."

பஸ்ஸுக்குப் பின் கதவு கிடையாது. அவள் படியில் கால் வைத்தபோது ஓட்டுநர் எழுந்தார். வெள்ளைக் கையுறை போட்ட வயதான ஜப்பானியர், இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசாதவர். அவள் ஷூ மேல் உறைந்திருந்த பனியைப் பார்த்தார், வெளுத்துப்போன விரல்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி இடுப்பு வளையக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. எல்லோருக்கும் செய்கிற வணக்கமா, இது வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. மொழி தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். பஸ்ஸுக்குள் பிளாஸ்க்கைக் கண்டதும் ஆரவாரம். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அன்னபாக்கியம் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "நீ நல்லாருப்பே தாயி." நீலப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு செண்பகவடிவு உட்கார்ந்தாள். சூடு ஏறியதும் விரல்கள் வலிக்கத் தொடங்கின.

"எதுக்கும் ஒரு தடவை எண்ணிருவோம்," என்றார் முருகதாஸ்.

ஒன்று, இரண்டு என்று தொடங்கியது. அஞ்சுல இருந்து பதினஞ்சு வரைக்கும் நம்ம குடும்பம். பத்தொன்பது, இருபது. அன்னபாக்கியம் இருபத்திரண்டு என்றார். செண்பகவடிவு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள், ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல். "இருபத்துமூணு!" என்று பஸ் கத்தியது. கைதட்டல். அவள் இல்லாதபோதும் கணக்குச் சரி, இருக்கும்போதும் சரி. யாரையும் கூப்பிடவில்லை, சூரியன் இறங்கவில்லை, பஸ் தானாகத் திரும்பி வந்தது. பந்தயப்படி பார்த்தால் அவள் ஜெயித்திருந்தாள். பாளையங்கோட்டை வீட்டின் கேட், அதில் தொங்கும் பை, நேரே எதிரில் வந்து நின்றன. கண்ணாடிக்கு வெளியே ஏரி பின்னால் போயிற்று.

பக்கத்தில் அன்னபாக்கியம் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிளாஸ்க்கைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

"ஏ ரூம்காரம்மா," என்றார் தாழ்ந்த குரலில், "இதுல ஒரு மூடி குறையுதே."

அந்த ஆண்டு ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, செண்பகவடிவு கோயம்புத்தூரில் பெரியவர்களுக்கான குடியிருப்பில் சேர்ந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னார்கள். உள்ளிருந்தே குரல் கொடுத்தால் போதும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து நின்றாள்.